டீயில் கஃபைன் எவ்வளவு? சாப்பிட்டதும் டீ குடித்தால் இரும்புச்சத்து போய்விடுமா?

சோமனூர்_தறி

வணக்கமுங்க. விசைத்தறி ஓட்டுறேன், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ராத்திரி எட்டு மணிக்கு உள்ள போனா காலையில எட்டுக்குத்தான் வெளிய வருவேன். இடையில நாலஞ்சு டீ, வீட்டுக்கு வந்ததும் ஒண்ணு.

கேள்வி எனக்காக மட்டும் இல்லைங்க. வீட்டுல அவங்களுக்கு ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2 வந்திருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்த நர்ஸம்மா, "சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, மாத்திரையை டீயோட போடாதீங்க"ன்னு சொன்னாங்க. கூட்டம் அதிகம், ஏன்னு கேட்க முடியலை.

வாட்ஸ்அப்பைத் திறந்தா ஒருத்தர் டீ இதயத்துக்கு நல்லதுங்கிறார், இன்னொருத்தர் விஷம்ங்கிறார். கிரீன் டீயில கஃபைனே இல்லைன்னு ஒரு மெசேஜ் வேற சுத்துது. டீத்தூளுக்குள்ள உண்மையில என்னதான் இருக்கு? நாளைக்கு எத்தனை டீ வரைக்கும் பரவாயில்லை? ரத்தசோகைக்கும் டீக்கும் என்ன சம்பந்தம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர்_கொழுந்து

முதல் கேள்விக்கு நான் வர்றேன். குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரியில்தான் வேலை.

கருப்பு டீ, கிரீன் டீ, ஒயிட் டீ, ஊலாங் எல்லாமே ஒரே செடியின் இலைதான். கமேலியா சினென்சிஸ் என்பது அதன் தாவரப் பெயர். பறிப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். கொழுந்து இளசாக இருக்க இருக்க கஃபைன் கூடும், முத்தின இலையில் குறையும். பூச்சி கடிக்காமல் இருக்கச் செடி தனக்காகத் தயாரித்துக்கொள்கிற பொருள் அது, அதனால் இளந்தளிரில்தான் அதிகம் வைத்திருக்கும்.

ஃபேக்டரிக்கு வந்த இலையை நீளமான தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்று விட்டு ராத்திரி முழுக்க வாட்டுவோம். பிறகு சி.டி.சி. ரோலர். பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், நடுவே விழும் இலை நசுங்கிக் கிழிந்து சுருளும். 1930-களில் அஸ்ஸாம் தோட்டம் ஒன்றில் மெக்கெர்ச்சர் என்பவர் கொண்டுவந்த முறை இது. நம்ம ஊர் டீக்கடை டீயே இதை நம்பித்தான் நடக்கிறது. ரோலரிலிருந்து விழும்போது பச்சைப்பசேல் என்று இருக்கும் இலை, கொஞ்ச நேரத்தில் கண்ணெதிரே செம்பு நிறத்துக்கு மாறும். அப்போது பழ வாசம் மாதிரி ஒன்று ஹால் முழுக்க நிற்கும். பேச்சுக்கு ஃபெர்மென்டேஷன் என்போம், ஆனால் அதில் கிருமிக்கு வேலை இல்லை. இலையில் இருக்கும் நொதி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து கேட்டச்சின் என்ற துவர்ப்புப் பொருட்களைத் தேஃப்ளேவின், தியாரூபிஜின் என்ற பொருட்களாக மாற்றுகிறது. டீயின் பளபளப்பான செந்நிறமும் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் அதிலிருந்துதான் வருகின்றன.

கிரீன் டீக்கு இந்த மாற்றம் நடக்கவே கூடாது. அதனால் இலையை ஆவியிலோ சூட்டிலோ காட்டி நொதியை முதலிலேயே நிறுத்திவிடுவோம். கேட்டச்சின் அப்படியே தங்கும். ஆனால் கஃபைன் இரண்டிலுமே போவதில்லை. கிரீன் டீயில் கஃபைன் இல்லை என்பது தவறான செய்தி.

காய்ந்த தூளின் எடையில் கஃபைன் சுமார் 2-லிருந்து 4 சதவீதம் வரை இருக்கும். அதோடு எல்-தியானைன் என்ற அமினோ அமிலமும் உண்டு.

கடைக்குப் போவது பெரும்பாலும் டஸ்ட் கிரேடு. "டஸ்ட்" என்றதும் கூட்டித் தள்ளின குப்பை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சல்லடையில் பிரித்தெடுத்த பொடித் துகள், அவ்வளவுதான். அதிலேயே ஏழெட்டுத் தரம் இருக்கிறது. துகள் பொடியாக இருப்பதால் சாறு சீக்கிரம் இறங்கும், பாலைத் தாங்கும் திடம் வரும்.

தென்காசி_டயட்

நான் உணவியல் ஆலோசகர். சோமனூர் அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு டீக்கு 2 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் கஃபைன் என்றால் 60 மில்லிகிராம். முழுவதும் தண்ணீரில் இறங்காது, கிளாஸுக்கு வருவது 40, 50 அளவில் நிற்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் ஒரு டீக்கு 30 முதல் 65 மி.கி. என்றுதான் சொல்கிறது. 150 மில்லி டிகாஷன் காபிக்கு 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காபிக்கு 50 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்பது அவர்கள் வைத்திருக்கும் வரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 வரை விடுகிறது, கர்ப்பிணிகளுக்கு 200.

உங்கள் ஆறு டீயும் சேர்ந்தால் 270-ஐ ஒட்டி வரும். வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கு எண்ணிக்கையைவிட நேரம்தான் முக்கியம். வேலை செய்யச் செய்ய மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தால்தான் தூக்கம் வரும். கஃபைன், பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி முன்னாடியே இடம் பிடித்துவிடுகிறது. களைப்பு தீர்வதில்லை, தெரியாமல் இருக்கிறது. உடம்பில் உள்ள கஃபைனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மிகவும் நீளும், சிகரெட் பிடிப்பவர்களுக்குக் குறையும். காலை எட்டரைக்குப் படுக்கிறவர் விடிகாலை மூன்று மணிக்கு மேல் டீயைத் தொடாமல் இருப்பது நல்லது. வீட்டுக்கு வந்து குடிக்கிற அந்த ஒன்றுதான் உங்கள் பகல் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அக்காவின் ஹீமோகுளோபின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் எப்போது என்ன சாப்பிடுகிறார், டீ எப்போது குடிக்கிறார் என்று எழுதுங்கள்.

மதுரை_பாய்லர்

டீக்கடைக்காரன் சொல்றேன். தங்கச்சி போட்ட கணக்கு சரிதான். ஆனா கடை டீயில யாரும் கணக்குப் பண்ணாத ஒண்ணு இருக்கு, அது சீனி. சின்ன கிளாஸுக்கே ரெண்டு ஸ்பூன் போகுது. "சீனி தூக்கலா" கேக்குறவங்களுக்கு மூணு. ஒரு ஸ்பூன் அஞ்சு கிராம்னு வச்சுக்கங்க. ஆறு டீ குடிக்கிறவர் டீ வழியா மட்டுமே 60 கிராம் சீனி உள்ள தள்ளுறாரு. மேல ஒரு பன்னு, ஒரு பஜ்ஜி. என் கடைக்கு வர்ற லோடுமேன் அண்ணன்மார்ல பாதிப் பேருக்கு நாப்பது வயசுல சுகர். மனசு கேக்காம, "அரைச்சீனி போடட்டா"ன்னு நானே கேக்க ஆரம்பிச்சேன். ஒரு வாரம் முகம் சுளிப்பாங்க, பெறகு பழகிருது.

இன்னொண்ணு. துணிப்பையில கிடக்குற தூள்ல முதல்ல இறங்குற டிக்காஷன்தான் சத்து. அதையே திரும்பத் திரும்ப வெந்நி ஊத்தி இழுத்தா கசப்பும் துவர்ப்பும்தான் வரும். கசப்பா இருக்குறதை "ஸ்ட்ராங்"னு நினைச்சுக்கிறாங்க. விவரமான மாஸ்டர் பையில பழைய தூளைக் கொட்டிட்டுப் புதுசு போடுவாரு.

இஞ்சி டீ போடுறவங்களுக்கு ஒரு விஷயம்: பச்சை இஞ்சியைத் தட்டிப் பால்ல நேராப் போடாதீங்க, திரிஞ்சுரும். தண்ணியில தூளோட கொதிக்க விட்டுப் பெறகு பால் ஊத்துங்க.

தென்காசி_டயட்

பாய்லர் அண்ணே, நீங்கள் சொல்வது இரண்டுமே சரி. கஃபைன் வெந்நீரில் சட்டென்று கரைந்துவிடும், துவர்ப்புப் பொருட்கள் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது, கொதித்தால் அது செயலிழந்துவிடும்.

சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு: ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5-க்குள். 5 என்பது ஏறத்தாழ 25 கிராம், அதாவது உங்கள் கடை டீ இரண்டரை.

நாட்டுவேர்

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? டீயே நம் பழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் மலையை அழித்துத் தோட்டம் போட்டு, மிச்சத்தை நம் தலையில் கட்டினான். சுக்குமல்லிக் காபி, ஆவாரம்பூ, துளசி என்று இத்தனை இருக்கும்போது இந்தச் சாயத்தண்ணி எதற்கு? அவற்றில் கஃபைனும் இல்லை, கெடுதலும் இல்லை.

குன்னூர்_கொழுந்து

நாட்டுவேர் ஐயா, தோட்டம் வந்த கதை கசப்பானதுதான், மறுக்கவில்லை. என் தாத்தா இலங்கை மலையகத்தில் கொழுந்து நிறுத்த தராசுக்கு முன்னால் நின்றவர். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு நீலகிரியில் தேயிலை நட்டது, அதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம். எங்களுக்கு இது சோறு போட்ட செடி. கூலி பற்றியும் லயன் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் அதை வைத்து டீ உடம்புக்குக் கெடுதல் என்று சொல்ல முடியாது.

சுக்குமல்லியில் கஃபைன் இல்லை என்பது உண்மை. காபித்தூள் கலந்து விற்கும் இடங்களும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

யாழ்_முற்றம்

எங்கட பக்கம் வீட்டில கூடுதலா பிளேன்டீதான். ஒரு துண்டு பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கிறது. பால் போட்டால் தேத்தண்ணியின்ர பயன் போயிடும் எண்டு கனடாவில இருக்கிற தம்பி சொல்லுறான். உண்மையோ?

எண்ணும்_எழுத்தும்

மருத்துவப் புள்ளியியல் என் துறை. இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது.

2007-இல் பெர்லினில் 16 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. வெறும் கருப்பு டீ குடித்தபோது ரத்தக்குழாய் நன்றாக விரிந்தது, பால் சேர்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் கேட்டச்சின்களைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம் என்றார்கள். உங்கள் தம்பி கேள்விப்பட்டது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் பால் சேர்த்தாலும் கேட்டச்சின் ரத்தத்தில் சேர்வது குறையவில்லை என்று காட்டிய ஆய்வும் உண்டு. பதினாறு பேரை வைத்து ஒரு நாட்டின் டீப் பழக்கத்தை மாற்ற நான் சொல்ல மாட்டேன்.

பெரிய ஆய்வு என்றால் 2022-இல் வந்தது. பிரிட்டனில் யூ.கே. பயோபாங்க் என்ற உடல்நல ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தினமும் இரண்டு கப்போ அதற்கு மேலோ டீ குடித்தவர்களிடம், குடிக்காதவர்களைவிட மரண விகிதம் 9 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பெரும்பாலும் குடிப்பது கருப்பு டீ, அதிலும் நிறையப் பேர் பால் ஊற்றித்தான். பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் போக்கு மாறவில்லை.

வாட்ஸ்அப் செய்திகள் விட்டுவிடுவது இதைத்தான்: இது கவனித்துப் பார்த்த ஆய்வு, டீ கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை. டீ குடிப்பவர்களின் வேறு ஏதாவது பழக்கம் காரணமாக இருக்கலாம். "டீ ஆயுளைக் கூட்டும்" என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் "டீ விஷம்" என்று சொல்கிறவருக்கு இதுவே போதுமான பதில்.

ஒரு கெடுதலைக் கவனிக்க வேண்டும், சூடு. 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது என்று 2016-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியது. காரணம் டீயில்லை, அதன் சூடு. ஆற்றிக் குடியுங்கள்.

மதுரை_பாய்லர்

அதுக்குத்தானே தம்பி மாஸ்டர் ரெண்டு கை அகலத்துக்கு ஆத்திக் குடுக்குறாரு. பார்சல் டீயைப் பிளாஸ்டிக் கவர்ல கொதிக்கக் கொதிக்க வாங்கிட்டுப் போறதை மட்டும் விட்ருங்க. தூக்குவாளி கொண்டாங்க.

தருமபுரி_வாத்தியார்

எங்கள் மாவட்டத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே முக்கியக் காரணம் அதுதான். தேயிலைச் செடியும் மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும், கஃபைனுக்கு நேர்மாறாக முத்தின இலையில்தான் அதிகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க டீ போட்டுக் குடித்தால் இரண்டு பக்கமிருந்தும் ஏறும். பல்லில் பழுப்புக் கறையோடு என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தப் பகுதிக்காரர்கள் குடிக்க மட்டும் இல்லாமல், டீ போடவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு டீ வேண்டவே வேண்டாம்.

சோமனூர்_தறி

எல்லாருக்கும் நன்றிங்க. வீட்டுல கேட்டு எழுதுறேன். அவங்க பனியன் கம்பெனியில செக்கிங். காலையில ஆறு மணிக்கு டீ. ஏழரைக்குக் கம்பெனி வண்டி, அதனால காலைச் சாப்பாடு பாதி நாள் கிடையாது. பத்தரைக்கு டீயும் பன்னும். மதியம் சோறு, வாரத்துல ரெண்டு மூணு நாள் முருங்கைக்கீரை, சாப்பிட்ட உடனே டீ. நாலரைக்கு ஒண்ணு. ராத்திரி சாப்பிட்டு ஒண்ணு, அதுலதான் மாத்திரையும்.

தென்காசி_டயட்

அண்ணா, நர்ஸம்மா சொன்னதன் முழு அர்த்தமும் இந்தப் பட்டியலில் இருக்கிறது.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு போன்ற தாவர உணவில் உள்ள இரும்பு குடலில் ஏறுவதே சிரமம். டீயிலுள்ள பாலிஃபீனால்கள், வழக்கில் டானின் என்போமே, அந்த இரும்பைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். 1983-இல் வந்த ஓர் ஆய்வில் சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 64 சதவீதம் குறைந்தது, காபிக்கு 39. பால் ஊற்றினாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. கிரீன் டீக்கு மாறினாலும் தப்பிக்க முடியாது.

"ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதுமா" என்று எல்லோரும் கேட்பார்கள். 2017-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் ஒரு மணி நேரம் விட்டபோது பாதிப்பு கணிசமாகத் தணிந்தது, முழுதாக மறையவில்லை. 1983 ஆய்வில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி ஒன்றும் செய்யவில்லை, ஒரு மணி நேரம் பின்னால் குடித்தது சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே தடுத்தது. ஐ.சி.எம்.ஆர். முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் என்கிறது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு நான் பின்னால் இரண்டு மணி நேரம் என்றே சொல்லி அனுப்புவேன்.

அக்காவுக்கு: காலை ஆறு மணி டீ இருக்கட்டும். மதியச் சாப்பாட்டு டீயை நிறுத்தி, நாலரை மணி டீயை வைத்துக்கொள்ளட்டும். கீரை சாப்பிடுகிற நாளில் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கூடவே போகட்டும், வைட்டமின் சி இரும்பை ஏற்றிவிடும். ராத்திரி டீ வேண்டாம். மாத்திரை தண்ணீரோடு, முடிந்தால் எலுமிச்சைச் சாறோடு. பாலும் கால்சியம் மாத்திரையும் கூட அதே வேளையில் வேண்டாம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது அந்தப் பத்தரை மணி டீயும் பன்னும்தான். பசியை அடக்கத்தான் அந்த டீ. மில்லிலும் கம்பெனியிலும் வேலை செய்யும் பெண்களிடம் நான் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். சூடும் சர்க்கரையும் வயிற்றை ஏமாற்றுகின்றன, உடம்புக்கு ஒன்றும் சேர்வதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு டீ மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சோறு கிடைக்காததும், வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுவதும் பெரிய காரணங்கள். காலையில் நீங்கள் வந்து இரண்டு முட்டை வேகவைத்து டப்பாவில் போட்டுக்கொடுக்க நேரம் ஒத்து வராது, தெரியும். ராத்திரி கிளம்பும் முன் வேகவைத்து வைத்துவிட்டுப் போகலாமே.

9.2 என்பது மிதமான ரத்தசோகை. மாதவிடாயில் அதிகப் போக்கு இருக்கிறதா, பி12 எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். டீ நேரத்தை மாற்றினால் மட்டும் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

சோமனூர்_தறி

முட்டை விஷயம் நான் பார்த்துக்கிறேனுங்க. இதுநாள் வரைக்கும் அவங்க காலையில சாப்பிடாமப் போறாங்கன்னே நான் கேட்டதில்லை.

அரக்கோணம்_அம்மா

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. தைராய்டு மாத்திரையும் டீயோட போடக்கூடாதா? நான் காலையில் எழுந்ததும் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடுவேன். கலப்பட டீத்தூளை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா என்றும் யாராவது சொல்லுங்களேன்.

தென்காசி_டயட்

கூடாதும்மா. தைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. டீ, காபி எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. நீங்கள் இப்போது பழக்கத்தை மாற்றினால் மாத்திரை முன்பைவிட நன்றாக உடம்பில் சேரும், அதனால் அடுத்த டி.எஸ்.ஹெச். (தைராய்டு) ரத்தப் பரிசோதனையின்போது டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். கலப்படத்துக்குக் குன்னூர் அண்ணா பதில் சொல்வார்.

குன்னூர்_கொழுந்து

வெள்ளை வடிதாள் ஒன்றில் தூளைப் பரப்பி, தண்ணீரைத் தெளித்து ஈரமாக்குங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் என்றால் கறை பெரிதாகத் தெரியாது. பயன்படுத்திய தூளைக் காயவைத்துச் சாயம் ஏற்றியது என்றால் பழுப்பாகவோ ஆரஞ்சாகவோ திட்டுத் திட்டாக நிற்கும். இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்தத்தைத் தூளுக்குள் ஓட்டினால் போதும். பச்சைத் தண்ணீரில் போட்ட உடனே குபுக்கென்று சிவப்பு இறங்கினாலும் சந்தேகப்படுங்கள், நல்ல டீ வெந்நீருக்குத்தான் நிறம் கொடுக்கும். சந்தேகம் வந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுங்கள். விலை ரொம்பக் குறைவாக, பெயரில்லாத கவரில் கிலோக் கணக்கில் வரும் தூளில்தான் இது அதிகம்.